அடைப்பத்துக் கத்தி
(வில்லியனூரிற் கூடிய நம் சங்கத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற முறை நாம் கூடியபோது, நம் முன்னோர் மருத்துவத்தொழில் புரிந்த சிறப்பினை யாம் எடுத்துக் கூறினோம். அவையோர் கைகொட்டி மகிழ்ந்தனர். கூட்டம் கலைந்த பின்னர்ப் பாகூர்ப் பக்கத்து முதியவர் ஒருவர் எம்மை ஒருபுறம் அழைத்துச் சென்று, மடியிலிருந்த துணிமுடிப்பொன்றை அவிழ்த்தார். உள்ளே ஒரு சவரக்கத்தி கிடந்தது. கைப்பிடி பிளந்து, அலகு முழுதும் செந்துரு ஏறி, மடித்தது விரியாமல் இறுகியிருந்தது. "வாத்தியார் தம்பி, இது எங்கள் அப்பா கத்தி. பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறான் பையன். நீ என்ன சொல்கிறாய்?" என்றார். யாம் அப்பொழுது விடை கூறவில்லை. அவ்வினாவிற்கு விடையாகவே இன்று பேசப் புகுந்தோம்.

மருத்துவர் என்னும் பெயரை நாம் பெருமிதத்தோடு தாங்குகின்றோம். தாங்கத் தக்கதே. நம் பாட்டிமார் மருத்துவச்சியராய் நின்று எத்துணை மகவுகளைக் கையில் ஏந்தினர் என்பதை ஊரார் மறந்தாலும் நாம் மறவோம். ஆயின், அப்பெயரைக் கொண்டாடும் வாயாலேயே கத்தியின் பெயரைச் சொல்லக் கூசுகின்றோம். பள்ளியிற் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில், தந்தையின் தொழில் யாதென யாம் வினவுங்கால், நம்மவர் பிள்ளை தலைகவிழ்ந்து 'கூலி' என்று கூறுவதைப் பலகாலும் கேட்டிருக்கின்றோம். அப்பிள்ளையைக் கடிந்துகொள்ள எமக்கு வாய் எழுவதில்லை. யாமும் சிறுபோதில் அங்ஙனமே கூறினோம்.

பண்டை நூல்களை நோக்குமிடத்து இக்கூச்சத்திற்கு ஏதுவொன்றுங் காணோம். பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியார், பாடினியின் காதழகினைக் கூறவந்தவிடத்து, மயிர் குறைக்கும் கத்தரிகையின் கடைப்பகுதியையே உவமையாக எடுத்தாண்டார். இழிந்த பொருளாயின் அத்தகைய இடத்தில் அதனைப் புலவர் நினைவுகூர்ந்திரார். இன்னும், சுசுருத சங்கிதையின் முதற்பகுதியாகிய சூத்திரத்தானத்தில், எட்டாம் அதிகாரம் அறுவைக் கருவிகளின் இயல்பினைக் கூறுவது. கருவி நன்கு கூர்பெற்றதென்பதற்கு அது காட்டும் அடையாளம், மயிரை அறுக்கவல்லதாதல் என்பதே. தீட்டுதற்கு உழுந்தின் நிறங்கொண்ட வழுவழுப்பான கல்லையும், கூர் நிலைத்தற்கு இலவமரப் பலகையையும் அவ்வதிகாரம் விதிக்கின்றது. மயிரறுத்துப் பார்த்தே அறுவையாளன் தன் கத்தியைத் தேர்ந்தான் எனின், அறுவைக்கத்தியை மேடையிற் புகழ்ந்துவிட்டு மழிகத்தியைக் குப்பையில் இடுதல் எவ்வாறு பொருந்தும்? அவ்விலவமரப் பலகையைச் சபையோர் நினைவில் வைக்க. பின்னர் அதனிடம் மீளுவோம்.

மேனாட்டிலும் இவ்விரு தொழில்களும் ஒரு கையிலேயே இருந்தன. இலண்டன் மாநகரில் நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540ஆம் ஆண்டில் ஒரே குழுவாக இணைக்கப்பெற்று, 1745ஆம் ஆண்டிலேதான் பிரிந்தனர். நம் புதுவையை நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரர் தம் அறுவை மருத்துவத்தின் தந்தையெனப் போற்றும் அம்புருவாஸ் பாரே என்பார், நாவிதர்களோடு இருந்து தொழில் பயின்று, பின் அரசர் நால்வர்க்கு அறுவை மருத்துவராய் விளங்கி, 1590இல் மறைந்தவர். அவர் நாட்டார் அவர் கத்தியைக் குறித்து நாணினாரல்லர்.

நிற்க. எம் தந்தையாரின் கத்திக்கு நேர்ந்த கதியை ஈண்டுக் கூறவேண்டும். அவர் மாசிமகத்தன்று திருக்காஞ்சியில், சங்கராபரணி ஆற்றங்கரையில், விடியலிலிருந்து உச்சிப்பொழுதுவரை குந்தியவாறே அமர்ந்து பணிசெய்வார். இடையிடையே கத்தியை உள்ளங்கையில் இருமுறை தடவிக்கொள்வதன்றி வேறு ஓய்வில்லை. அவர் காலமானபின், அக்கத்தியைப் பளபளப்பாக்கி வைக்கவேண்டும் என்னும் ஆசையால், சந்தையிற் சாணைபிடிக்கும் ஒருவரிடம் கொண்டுசென்றோம். "இதற்கு இந்தச் சக்கரம் ஆகாது ஐயா" என்று அவர் இருமுறை தடுத்தார். நூல் கற்ற செருக்கினால் யாம் கேளாமல் வற்புறுத்தினோம். தீப்பொறி பறந்தது, இமைப்பொழுதில் விளிம்பு மயிற்கழுத்துப்போல் நீலம் பாய்ந்தது. எஃகு ஏறக்குறைய 220 பாகை வெப்பத்தில் வைக்கோல் நிறமும், 300 பாகையளவில் நீலநிறமும் கொள்ளும். நீலம் பாய்ந்தவிடத்தில் கொல்லன் ஊட்டிய பதம் போயிற்று என்று கொள்க. பின்னர் எத்துணை தீட்டினும் அக்கூர் நில்லாது. அது இன்று எம் இல்லத்தில் உள்ளது. ஆயினும் எம் தந்தையார் பிடித்த கத்தி அதுவன்று. அப்பிழையை நீவிர் செய்யலாகாது என்னும் பொருட்டே இத்துணையும் கூறினோம். பாட்டனாரின் கத்தியை யாமே கையால் மெல்லமெல்லத் துலக்கினோம், அது பிழைத்தது. இனிக் கூறுவன அதனிடத்துக் கற்றவையே.

முதற்கண் கத்தியை அடையாளங் காண்க. அலகிற்கும் வாலுக்கும் இடைப்பட்ட பட்டைப்பகுதியில் முத்திரை இருக்கும். ஷெஃபீல்டு என்றிருப்பின் ஆங்கில நாட்டது. சோலிங்கன் என்றிருப்பின் ஜெர்மனியது. தியேர் என்றிருப்பின் பிரெஞ்சு நாட்டது. பிறநாட்டுப் பண்டங்களின்மீது போலிக் குறி பொறிப்பதைத் தடுத்து ஆங்கில அரசு சட்டம் செய்தது 1887ஆம் ஆண்டில். ஜெர்மனியிற் செய்யப்பட்டது என்னும் ஆங்கில எழுத்துப் பொறித்த கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதே. மேற்கு ஜெர்மனி என்றிருப்பின் 1949க்குப் பிற்பட்டது. முத்திரை யாதுமின்றி, அலகு தடித்து, சுத்தியலின் தடம் தெரிய இருப்பின், அது நம் பக்கத்து ஊர்க்கொல்லன் அடித்ததாதல் கூடும். அதனைத் தாழ்ந்ததென எண்ணற்க. தமிழில் உருக்கு என்றும் கன்னடத்தில் உக்கு என்றும் வழங்கிய எஃகினையே மேனாட்டார் 'ஊட்ஸ்' எனத் திரித்து வழங்கினர் என்பர். இலண்டனிற் கத்தி வணிகராயிருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்பார், அவ்விந்திய எஃகினால் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து, ஐரோப்பிய எஃகினும் அதுவே சிறந்ததெனத் தம் விளம்பரச் சீட்டில் அச்சிட்டார். அவரும் அறிவியற் பேரறிஞர் மைக்கேல் பாரடேயும் சேர்ந்து எஃகினை ஆராய்ந்து 1820, 1822ஆம் ஆண்டுகளிற் கட்டுரைகள் வெளியிட்டனர்.

அடுத்து, அலகினை வெளிச்சத்திற்கு நேரே பிடித்து நோக்குக. விளிம்பினின்றும் முதுகு நோக்கி மயிரிழைபோற் பிளவு ஓடியிருப்பின், அதனைத் தீட்டுதல் கூடாது. துலக்கிப் பேணுதலோடு அமைக. துரு அலகின் நடுவிலிருந்து குழி பறித்திருப்பின் கேடில்லை. விளிம்பிலேயே பறித்திருப்பின் கூர் திரும்புதல் அரிது. செந்துருவை நீக்கவேண்டும், கரும்படலமாய்ப் படிந்து அசையாதிருப்பதை அங்ஙனமே விட்டுவிடலாம். அது மேலும் அரிப்பதன்று.

மடிப்பு இறுகிய கத்தியை வலிந்து விரித்தால் கைப்பிடி முறியும்; விரல் அறுபடும். ஆணியருகில் மண்ணெண்ணெய் சில துளி விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாட் காலையில் சிறிது சிறிதாக அசைத்துப் பார்க்க. விரிந்தபின் அலகைப் பலகையொன்றின்மேற் படுக்கவைத்து, மண்ணெண்ணெய் தோய்ந்த பஞ்சினால் துடைத்தாலே பாதித் துரு கழலும். எஞ்சியதற்கு உப்புத்தாள் போதும். 600ஆம் எண்ணிற் தொடங்கி, 1000, 1500, 2000 என ஏறிச்செல்க. அதற்கும் பருத்ததைக் கொண்டால் அலகிற் கீறல் விழும். அக்கீறலை நீக்கப் பின்னும் பலநாள் உழைக்கவேண்டும். உப்புத்தாளை ஒரு தக்கைத் துண்டிற் சுற்றிப் பிடித்து, முதுகினின்றும் விளிம்புநோக்கித் தள்ளி எடுக்க. விளிம்பினின்றும் முதுகுநோக்கி ஒருகாலும் கை வருதல் ஆகாது. நம் வீட்டுப் பெண்டிர் பித்தளைக் குத்துவிளக்கிற்குப் புளியிட்டுத் துலக்கும் பழக்கத்தினால் கத்தியையும் புளியில் ஊறவைப்பதுண்டு. பித்தளைக்கு அது நன்று. எஃகைப் புளிப்பு கறுக்கச்செய்து அரித்துவிடும். செங்கற்பொடியும் வேண்டா. அலகின் முகத்திற் பொன்முலாம் பூசிய எழுத்தோ சித்திரமோ இருப்பின், அவ்விடத்தில் எண்ணெய்த் துணியன்றி வேறொன்றும் படலாகாது. உப்புத்தாள் இருமுறை பட்டால் அம்முலாம் மறைந்தொழியும்.

கண்ணாடிபோல் முகம் தெரியும்வரை தேய்க்கவேண்டும் என்று இளைஞர் விரும்புவர். எமக்கு அவ்விருப்பம் இல்லை. பாட்டனாரின் கத்தியில் முதுகோரம் ஒருபுறம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருக்கின்றது. நாற்பதாண்டுக் காலம் ஒரே கையால் ஒரே பாங்கில் தீட்டியதன் தடம் அது. அதனைச் சமன்செய்து என்ன பெறப்போகின்றோம்?

கைப்பிடியைக் குறித்துச் சிறிது விரித்துக் கூறல் வேண்டும். கத்தி கெடுதற்கு அதுவே காரணமாதலும் உண்டு. எருமைக்கொம்பாயின் உலர்ந்து வளைந்திருக்கும்; பூச்சியும் துளைத்திருக்கும். எண்ணெய் தடவிச் சிலநாள் வைத்தால் ஒருவாறு இணங்கும். ஆமையோடு போலவும் தந்தம் போலவும் தோன்றும் கைப்பிடிகள் பல செல்லுலாயிடு என்னும் செயற்கைப் பொருளால் ஆயவை. கட்டைவிரலால் அழுந்தத் தேய்த்து முகர்ந்தால் கற்பூரம் மணக்கும். அப்பொருள் செய்வதில் கற்பூரமும் சேர்வதே காரணம். அது எளிதில் தீப்பற்றுவது. விளக்கருகே கொண்டுபோதல் ஆகாது. முதுமையடைந்தபோது அதினின்றும் காடியாவி எழுந்து, தன் அலகையும் பக்கத்திலுள்ள பிற கத்திகளையும் அரிக்கும். ஆணியருகில் மட்டும் துரு மிக்கிருந்து, கைப்பிடி நொறுங்கத் தொடங்கியிருப்பின், ஐயமின்றி அதனைக் கழற்றி வேறாக வைக்க. மெய்யான தந்தமாயின் வீட்டில் வைத்துப் பேணுதற்குரிய விதிகளைக் கேட்டறிக. அதனை விற்றலும் வாங்கலும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் தடுத்துள்ளன.

புதிய கைப்பிடி வேண்டின், நம் ஏரிக்கரைகளில் நிற்கும் பனையே போதுமானது. முற்றிய பனையின் வைரத்தில் இரண்டு சிராய் எடுத்து, இழைத்து, ஓரங்களை அரத்தால் உருட்டி, மெல்லிய பித்தளைக் கம்பியை ஆணியாக இட்டு, இருபுறமும் சிறு வளையம் வைத்துத் தட்டி மடக்கவேண்டும். தட்டுவது பொற்கொல்லர் தட்டுவதுபோல் இருத்தல் வேண்டும்; ஒரேயடியாக ஓங்கினால் பனை பிளக்கும். எமக்கு மூன்று சிராய் பிளந்தபின்னரே கை பழகிற்று.

தீட்டுதல் எல்லார்க்கும் வேண்டுவதன்று. பார்வைக்கு வைக்கும் கத்தியைக் கூரின்றி விடுதலே, சிறுவர் உள்ள வீட்டிற்கு நலம். தீட்ட விரும்புவோர் ஒன்றை உளங்கொள்க. சவரக்கத்தியின் முதுகு எத்துணைத் தடிப்பாக இருக்கவேண்டும் என்பதைக் கொல்லன் விளிம்பின் கோணம் கருதியே அமைத்திருக்கின்றான். ஆகலின் முதுகும் விளிம்பும் ஒருசேரக் கல்லிற் படியுமாறு வைத்து இழுத்தால், கோணம் தானே அமையும். கல்லில் விளிம்பு முன்னே செல்லும். தோல்வாரில் முதுகு முன்னே செல்லும். இதனை மாற்றினால் வார் அறுபடும். இருபுறமும் எண்ணி ஒத்த அளவே இழுக்கவேண்டும். கல்லைச் சமமாக்கிக்கொள்ளாமற் தீட்டுதல் வீண். இங்கே அமர்ந்திருக்கும் முதியோர்க்கு யாம் இதனைக் கூறுதல் கொல்லத்தெருவில் ஊசி விற்றலாகும். இளைஞர் பொருட்டே கூறினோம்.

மற்றொன்றும் உண்டு, அதில் யாம் சிறிதும் விட்டுக்கொடோம். புதுக்கிய கத்தி எத்துணைக் கூர்பெறினும் கடையிற் பிறர் முகத்திற்கு அதனை எடுக்கலாகாது. குருதிவழிப் பரவும் மஞ்சட்காமாலையும் எய்ட்ஸ் நோயும் ஒருவர்க்குப் பயன்படுத்திய கத்தி மற்றொருவர்மேற் படுவதால் தொற்றக்கூடியன. இந்தியாவில் எய்ட்ஸ் நோய்க்கிருமி முதன்முதற் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். அதன் பின்னரே நம்மவர் கடைகளில் ஆளுக்கொரு புதுத் தகடு என்னும் வழக்கம் பரவிற்று. அவ்வழக்கம் நன்று. முன்னோர் கத்தியைத் தம் முகத்திற்குத் தாமே பயன்படுத்துவோர் பயன்படுத்துக. அண்ணன் தம்பியாயினும் ஒரு கத்தியைப் பகிர்ந்துகொள்ளலாகாது.

இனித் தாங்கி. துலக்கிய கத்தியை மீண்டும் அடைப்பத்துள் இட்டு மூடினால், அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னிருந்த நிலையே எய்தும். ஆவிரம்பட்டையிட்டுப் பதப்படுத்திய தோலில் துவர்ப்புச்சத்து உண்டு. ஈரத்தோடு அது எஃகைத் தொட்டால் கறுத்து அரிக்கும். நம் ஊர்கள் கடலுக்கு அணித்தாயிருத்தலின் உப்புக்காற்றும் உண்டு. ஆகவே அடைப்பத்தை வெறுமையாகவே பக்கத்தில் வைத்து, கத்தியைக் காற்றோட்டமான தாங்கியில் வைத்தலே தக்கது.

சுசுருதர் கூறிய இலவம் இழைத்தற்கு எளிது. நன்கு உலர்ந்ததாயின் அதுவே ஆகும். ஈரங்கோத்த இலவத்தைக் கொண்டால் பூஞ்சணம் பிடிக்கும். தேக்குத் துண்டு கிடைப்பின் அதனினும் நன்று. தேக்கு இரும்பை அரிப்பதில்லை என்பதனாலேயே மேனாட்டார் கப்பல்களின் இரும்புக் கவசத்திற்குப் பின்னே அதனை வைத்துக் கட்டினர். பழைய கதவின் சட்டமோ உடைந்த நாற்காலியின் காலோ போதும். அடிப்பலகை ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. அதன்மேல் நான்கு அங்குல இடைவெளியில், இரண்டு அங்குல உயரமுள்ள இரு நிலைகள். ஒவ்வொரு நிலையின் தலையிலும் அரை அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள ஒரு காடி. மடித்த கத்தி ஏறக்குறைய ஆறங்குலமிருக்கும்; விளிம்பு கைப்பிடிக்குள் அடங்க, முதுகு மேனோக்கி, இரு காடிகளிலும் அது அமரும். காடியை வாளால் இருபுறமும் அறுத்து, நடுவை உளியாற் கொத்தி, அரத்தால் வழுவழுப்பாக்குக. நிலைகளை அடியிலிருந்து கழுந்து இட்டுப் பொருத்துக, இரும்பாணி வேண்டா. தோலும் கம்பளியும் ஈரத்தைப் பிடித்துக்கொள்வன ஆகலின் காடிக்குள் அவற்றை ஒட்டற்க. தேன்மெழுகு தேய்த்தால் அமையும். சாயம் பூசி மினுக்கவேண்டும் என்பதும் இல்லை.

தச்சுக்கருவி இல்லாதார்க்கும் வழியுண்டு. கணு உள்ள தடித்த மூங்கில் துண்டொன்றை அரையாகப் பிளந்து கவிழ்த்துவைத்து, மேலே இரண்டு காடி அறுத்தால் அதுவே தாங்கி. எம் மாணவனொருவன் கொட்டாங்கச்சி இரண்டைக் கவிழ்த்து ஒரு பலகையில் பொருத்தி, உச்சியிற் காடி வெட்டிக் கொண்டுவந்தான். எம்முடையதைவிட அது அழகாயிருந்தது.

திங்களுக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்து எண்ணெய் இடுக. நாள்தோறும் பயன்படுத்திய காலத்தில் தேங்காய் எண்ணெய் போதுமானதாயிருந்தது. வாளா வைக்கும் கத்தியில் அது நாட்பட்டுச் சிக்குப்பிடித்து ஊசும். தையலெந்திரத்திற்கு இடும் எண்ணெய் ஏற்றது. விரற்படும் வியர்வையும் துருவுக்கு வித்து. வந்தவரெல்லாம் தொட்டுப் பார்த்தால் அன்றிரவே துடைத்துவிடுக.

தாங்கி முடிந்தபின் அதன் அடிப்புறத்தில், கத்தி எவருடையது, எவ்வூர், எக்காலத்தில் எங்கே வாங்கியது, அவர் மனைவியார் மருத்துவச்சியாயிருந்தனரா என்பவற்றைக் கரிக்கோலால் எழுதிவைக்க. இவற்றை அறிந்தோர் இன்று எழுபது எண்பது அகவையினர். யாம் எம் பாட்டனாரின் கத்தி எங்கே வாங்கப்பெற்றதென வினவ எண்ணியபொழுது, விடைகூறத்தக்க எம் அத்தை மறைந்து ஒரு திங்கள் ஆகியிருந்தது.

இச்செய்தியை யாம் முன்பொருமுறை சிலரிடம் கூறியபோது, நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் சினந்தார். "அந்தக் கத்தி நம்மைக் கட்டிப்போட்ட விலங்கு. களத்தில் ஊரார் அள்ளிப்போட்ட நெல்லுக்காகக் கொல்லைப்புற வாசலில் நின்றதை நீ பார்த்ததில்லை, நான் நின்றவன். அதையா நடுவீட்டில் வைக்கச் சொல்கிறாய்?" என்றார். அவர் உரைத்ததில் பொய்யில்லை. அந்நெல்லை உண்டு வளர்ந்தவர்தாம் எம் தந்தையார். எம்மைப் பண்டிதர் தேர்வுக்குப் படிக்கவைத்ததும் அக்கத்தியே. எவரையும் மீண்டும் அத்தொழிலுக்குச் செல்க என்று யாம் கூறவில்லை. நடுவீட்டில் வைக்க மனம் ஒவ்வாதார் பெட்டியிலேயே வைக்கட்டும்; துருவேறாமல், பெயரெழுதி வைக்கட்டும். இரும்புக்கடையில் நிறுத்துப் பெறும் பணம் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் போதாது. அப்பெரியவர் எம் சொல்லுக்கு இணங்கினார் என்று கூறமாட்டோம். ஆயினும் சென்ற கிழமை அவர்தம் பெயரனை எம்மிடம் அனுப்பி, உப்புத்தாள் எந்த எண் என்று கேட்டுவரச் சொல்லியிருந்தார்.

அடுத்த கூட்டம் பாகூரில் நிகழும் என்று அவைத்தலைவர் அறிவித்துள்ளார். இல்லத்திற் கத்தி உள்ளோர் அதனை மடித்து, நூலாற் கட்டி, துணியிற் சுற்றிக் கொண்டுவருக. இரண்டு கற்களும், மண்ணெண்ணெய்ப் புட்டியும், உலர்ந்த தேக்குத் துண்டுகள் சிலவும் யாம் கொண்டுவருவோம். துணிமுடிப்போடு வந்த முதியவரின் கத்தி இப்பொழுது எம்மிடத்தேதான் உள்ளது. ஆணியருகில் எண்ணெய் விட்டு ஐந்து நாளாயிற்று. நேற்று மாலை பாதி விரிந்தது.